ஆளில்லாத வீட்டு மண்ணில் கிடைக்கும் காசு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் இடிந்து கிடக்கும் பழைய வீடுகளில் இளைஞர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு காசு தேடுவதைப் பற்றி உங்கள் நாளிதழில் இரண்டு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர் அவர்களைப் புதையல் திருடர்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், எப்படியும் லாரியில் ஏறிக் குப்பையாகப் போகிற மண், அதில் யார் எதை எடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். இரண்டு பேருமே அந்த வீடுகளில் குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தண்டையார்பேட்டை. பள்ளிக்கூட வயதிலிருந்து பழைய காசு சேர்க்கிறேன். துபாயில் வேலை பார்க்கும் தங்கை மகன், மாமாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு டிடெக்டர் வாங்கி வந்து கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் கூப்பிட்டால் மட்டும், இடிக்கப்போகிற வீடுகளில் போய்த் தேடிக் கொடுக்கிறேன். இதற்குப் பணம் வாங்குவதில்லை. கிடைப்பதை நான் வைத்துக்கொள்வதும் இல்லை. எங்கே, எத்தனை ஆழத்தில், என்ன கிடைத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன்.

வடசென்னையில் ஆளே இல்லாத வீடு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. பூட்டிக் கிடக்கும், ஓடு சரிந்திருக்கும், திண்ணையில் அரசங்கன்று முளைத்திருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு உரிய ஆள் எங்கேயோ இருப்பார். பங்காளி வழக்கு தீராமல் கொளத்தூரில் வாடகைக்கு இருப்பார்கள். பின்னி மில்லை 1996-ல் மூடியபிறகு, பெரம்பூர், ஓட்டேரி பக்கமிருந்து பிழைப்புக்காக வேறு ஊர் போனவர்கள் இருக்கிறார்கள். கால்வாய் ஓரத்திலிருந்தும் ரயில்பாதை ஓரத்திலிருந்தும் வீட்டைக் காலி செய்யவைத்து எழுப்பப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். கடலோரத்துக் கதை இன்னும் மோசம். துறைமுகத்துச் சுவர்களைக் கட்டியபிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போக, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. குப்பத்து ஜனங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் உள்ளே வந்து போனபிறகு பார்த்தால், கருங்கல் தடுப்புக்கு இந்தப் பக்கம் பழைய அஸ்திவாரத்துச் செங்கல் வரிசை தெரியும். அங்கே டிடெக்டரோடு நிற்கிற பையனுக்கு அது வெறும் கரை. பத்தடி தள்ளி வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கு அது அவருடைய தாத்தா வீட்டு அடுப்படி.

அதனால் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பும் தம்பிகளுக்கு முதலில் சொல்லிக்கொள்வது, கேட்டுவிட்டுப் போங்கள் என்பதைத்தான். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூடவே, அந்த வீட்டில் கடைசியாகக் குடியிருந்தது யார் என்று பக்கத்து வீட்டு ஆயாவிடம் விசாரியுங்கள். எந்த மூலையில் சாமி மாடம் இருந்தது, எங்கே மாடு கட்டினார்கள், கிணற்றை எந்த வருடம் மூடினார்கள் என்று அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால், பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டு மண்ணில் காசு எங்கெல்லாம் கிடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் காசு தவறி விழுந்தது ஒரு வகை, வேண்டி வைத்தது ஒரு வகை. தவறி விழுந்தது பெரும்பாலும் திண்ணைக்கு முன்னால் கிடைக்கும். தயிர்க்காரி, கீரைக்காரி, பால்காரர் எல்லோரும் கணக்குத் தீர்க்கிற இடம் அது. துவைக்கிற கல்லைச் சுற்றியும் கிடைக்கும். வேட்டி மடிப்பிலும் சட்டைப் பையிலும் மறந்துபோன காசு, அடித்துத் துவைக்கும்போது தெறித்துப் போயிருக்கும். கிணற்றடியில் தோட்டுத் திருகாணி, கொலுசு மணி, பித்தளைச் செம்பின் விளிம்பு. மாடு கட்டிய இடத்தில் லாடமும் கழுத்து மணியும். கோலி விளையாடிய சந்தில் காலணா.

வேண்டி வைத்ததைத் தேட வேறு கண் வேண்டும். பூமி பூஜையன்று ஈசான்ய மூலையில் நவதானியத்தோடு போட்ட காசு. வாசக்கால் நிறுத்தும்போது அடியில் வைத்த காசு. மஞ்சள் துணியில் முடிந்து வேண்டுதலுக்காகச் சுவர் மாடத்தில் செருகி, அப்புறம் பூச்சு வேலையில் உள்ளே போன காசு. அந்தக் காசை வைத்த கை வீட்டுக்காரர் கையாக இருக்கும், கூடவே மேஸ்திரி நின்றிருப்பார். அந்த வீட்டில் நடந்த முதல் நல்ல காரியத்துக்கு அதுதான் சாட்சி. ஜேசிபி வாளியில் அது சிமென்ட் கட்டியோடு சேர்ந்து போவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

வாசக்கால் காசு வீட்டின் வயதையும் சொல்லும். விக்டோரியா தலை போட்ட காசு அடியில் இருந்தால், அந்தக் காசு அடித்த வருடத்துக்கு முன்னால் அந்த வாசல் எழுந்திருக்க முடியாது. பின்னால் எத்தனை வருடம் கழித்து வேண்டுமானாலும் இருக்கலாம், வீட்டிலிருந்த பழைய காசையும் வைத்திருப்பார்கள் இல்லையா. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1862 என்று போட்ட வெள்ளி ரூபாயை 1874 வரை அதே வருடத்தைப் பொறித்தே அடித்தார்கள். வருடத்தை மட்டும் படித்துவிட்டு, எங்கள் வீடு 1862-ல் கட்டியது என்று சொல்லிவிடக் கூடாது. செப்புக் காலணா என்றால் எடையையும் பார்க்க வேண்டும். பழைய செப்புக் காலணா ஆறரை கிராம் இருக்கும். 1906-ல் வெண்கலத்துக்கு மாற்றியபிறகு ஐந்து கிராமுக்கும் குறைவு. பெயரும் தலையும் தேய்ந்துபோன காசைக்கூடத் தராசில் வைத்தால் ஏதாவது சொல்லும். ஆனால் இது எல்லாம், அந்தக் காசு வாசக்கால் அடியில் கிடந்தது என்று தெரிந்தால்தான். தெருவில் ஒரு பையன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினால், அது விலை போகாத ஒரு பழைய காலணா, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டை விற்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா அந்த வீட்டுக்குப் பெரியவர். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் சென்னை காலியானது பலருக்குத் தெரிந்திருக்கும். மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றது அந்த நாட்களில்தான். அந்த அம்மா அப்போது பாவாடைப் பிள்ளை. குடும்பத்தோடு திருவள்ளூர் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கிளம்புகிற ராத்திரி அவருடைய தாயார் ஒரு செம்பைத் துணியில் சுற்றிப் பின்கட்டில் புதைத்தாராம். போன இடத்தில் விஷக்காய்ச்சல் வந்து தாயார் இறந்துவிட்டார். திரும்பி வந்த அப்பாவுக்கு இடம் தெரியவில்லை. "ஆட்டுக்கல்லுக்கும் கெணத்துக்கும் நடுவுலதான் குனிஞ்சிட்டிருந்தாங்கப்பா, நான் தூக்கத்துல பார்த்தேன்" என்று அந்த அம்மா சொன்னார். எல்லோரும் அதை எத்தனையோ முறை கேட்டுச் சலித்திருந்தார்கள். கனவு என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

டிடெக்டரால் ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் மேல் வரைதான் பிடிக்க முடியும். செம்பு மாதிரி பெரிய பாத்திரம் என்றால் இன்னும் கீழே இருந்தாலும் குரல் கொடுக்கும். அந்தப் பின்கட்டு முழுக்கத் துருப்பிடித்த ஆணியும் செங்கல் தூளுமாக இருந்தது. சுட்ட செங்கல்லில் இரும்புச் சத்து உண்டு, கருவி அதற்கும் முனகும். ஆட்டுக்கல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரே இடத்தில், எந்தப் பக்கமிருந்து காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத்தை, வீசினாலும் மாறாத ஓசை வந்தது. தோண்டினோம். செம்பின் வாய் நசுங்கியிருந்தது, துணி மட்கிப்போயிருந்தது. உள்ளே ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலணாக்கள், சில வெள்ளி ரூபாய்கள், ஒரு சின்னக் குழந்தைக்கான வெள்ளிக் கொலுசு ஒற்றை. இருந்ததிலேயே கடைசி வருடம் 1941. நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா 1943-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதில் ஒன்றுகூடச் செம்பில் இல்லை. அந்த அம்மா எழுபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது கனவு இல்லை என்று காசே வந்து சொன்னது. அவர் கொலுசை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா கை பட்டது" என்றார். நான் பார்த்த எந்தக் காசுக் கண்காட்சியிலும் இந்த மதிப்புக்கு ஒன்றும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இந்தியப் புதையல் சட்டம் 1878-ல் போட்டது, இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு பிணைந்த சுவர் போன்ற எதிலுமோ மறைந்திருக்கும் விலையுள்ள எந்தப் பொருளும் அதன் கணக்கில் புதையல்தான். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால், கண்டெடுத்தவர் என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. புதைத்து நூறு வருடத்துக்குள் என்றால் புதைத்தவரோ வாரிசோ உரிமை கோர வழி இருக்கிறது. உரியவர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தனக்கு வேண்டும் என்றால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நியாயமான சட்டம்தான், கண்டெடுத்தவன் வாயில் மண்ணைப் போடவில்லை. முக்கால் பங்கு என்பது நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிறை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் அந்தப் பத்து ரூபாயில் இருக்கிறது. 1878-ல் பத்து ரூபாய் என்றால் பத்து வெள்ளி ரூபாய். ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு கலப்பு. நூற்றுப் பதினாறு கிராமுக்கு மேல் எடை வரும், அது ஒரு ஏழைக் குடும்பத்துக்குச் சொத்து. இன்றைக்குப் பத்து ரூபாயில் ஒரு டீ வராது. ஒற்றை வெள்ளிக் காசு கிடைத்தாலே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சரி, அப்படியே இருக்கட்டும். தெரிவிக்கப் போனால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

அந்தச் செம்பு கிடைத்த வாரம், அந்த அம்மாவின் மகனும் நானும் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனோம். அது எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே ஒருவர், "காலணாவுக்கெல்லாம் மனுவா?" என்று சிரித்தார். இன்னொருவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "போலீஸ் கேஸ் ஆயிடும், பேசாம வீட்டுக்குப் போங்க" என்று அறிவுரை சொன்னார். கடைசியில் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினோம். இப்போதும் யார் என்னைக் கேட்டாலும் எழுதித் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் பத்து மாடி ஏறி இறங்க நேரமுள்ள ஓய்வுபெற்றவனுக்கே இந்த நிலை என்றால், தினக்கூலிக்குச் சுவர் இடிக்கிற ஆள் என்ன செய்வார்? காயலாங்கடைக்குப் போவார். வெள்ளியாக இருந்தால் உருக்குகிற பட்டறைக்குப் போவார்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டுச் சுவரை இடித்தபோது ஒரு சட்டி நிறையக் கிழக்கிந்தியக் கும்பினிக் காசு வந்திருக்கிறது. இடித்த ஆள் அதைச் செம்பு விலைக்குக் கிலோ கணக்கில் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த கடைக்காரர் மிச்சம் இருந்த சிலதைக் காட்டினார். 1808 வருடம் போட்ட, இருபது காசு, பத்து காசு மதிப்புள்ள நாணயங்கள். ஒரு பக்கம் கும்பினியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. எந்தத் தெரு, எந்தச் சுவர், சட்டியில் வேறு என்ன இருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இதே 1808 காசுகளுக்கு இன்னொரு கதை உண்டு. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த இந்தச் செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளித்துப் பத்து லட்சத்துக்கு மேல் காசுகளை வெளியே எடுத்தார்கள். அந்தக் கப்பல் கிடக்கும் இடத்தை அந்த நாட்டுச் சட்டம் இப்போது காக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் காசுச் சேகரிப்பாளருக்கும் அந்தக் கப்பல் பெயர் தெரியும். சென்னைக்கு வந்து சேராத காசுக்கு அவ்வளவு வரலாறு. வந்து சேர்ந்து, நம் தெருவில் புரண்டு, நம் ஆட்கள் அரிசியும் விறகும் வாங்கிய காசு கிலோ கணக்கில் போகிறது. தங்கசாலை என்று ஒரு தெருவையே வைத்திருக்கிறோம். 1840-களிலிருந்து 1869 வரை அங்கே நாணயச்சாலை நடந்தது, இப்போது அந்த வளாகத்தில் அரசு அச்சகம் இருக்கிறது. நாணயம் அடித்த ஊரில் நாணயத்துக்கு இந்த மரியாதை என்றால் வயிறு எரிகிறது.

இங்கிலாந்தில் 1997-லிருந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வயலில், தோட்டத்தில் எது கிடைத்தாலும், சின்ன ஊசியாக இருந்தாலும், அந்தந்த வட்டாரத்துக்கு என்றே இருக்கிற ஒரு அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் படம் எடுத்து, எடை போட்டு, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்வார். புதையல் கணக்கில் வராத பொருள் திரும்பிவிடும். இப்படிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கண்டெடுத்தவர்கள் டிடெக்டர் வைத்திருந்த சாதாரண ஆட்கள்தான். அவர்கள் நாட்டிலும் திருட்டுத் தோண்டல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் யோக்கியமாக நடக்க நினைக்கிறவனுக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது.

நமக்கு அதற்கு வேண்டியது எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. புதையலாகக் கிடைத்த ரோமானியத் தங்கக் காசு முதல் கும்பினிக் காசு வரை அங்கே இருக்கிறது, நாணயம் படித்தவர்களும் இருக்கிறார்கள். சென்னைக் கலெக்டர் அலுவலகம் நம் ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. மாதம் ஒரு நாள், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மாநகராட்சிக் கட்டடத்தில், அருங்காட்சியகத்திலிருந்து ஒருவரும் வருவாய்த் துறையிலிருந்து ஒருவரும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். கொண்டுவருகிறவரை முதல் கேள்வியிலேயே குற்றவாளி ஆக்காமல், உட்காரவைத்து, எங்கே கிடைத்தது என்று கேட்டு, ரசீது கொடுங்கள். நூறு வருடம் தாண்டிய வீட்டை இடிக்க அனுமதி கொடுக்கும்போது, ஜேசிபி இறங்குவதற்கு முன் ஒரே ஒரு நாள் தேடுவதற்கு விட வேண்டும் என்று மாநகராட்சி ஒரு நிபந்தனை சேர்க்கலாம். வாசக்கால், ஈசான்ய மூலை, கிணற்றடி இந்த மூன்றையும் பார்க்க ஒரு பகல் தாராளம். பில்டருக்கு ஒரு நாளில் ஒன்றும் குடிமுழுகாது.

கருவி வைத்திருக்கும் தம்பிகளைக் கண்டிக்க வேண்டிய இடமும் இருக்கிறது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே மட்டுமல்ல, அதைச் சுற்றிய மண்ணிலும் கருவியோடு போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடமே எழுப்பக் கூடாது என்கிறது சட்டம், அந்த மண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் குளம், மசூதி, சர்ச், எந்த மதத்து இடுகாடும் வேண்டாம். எழுப்பப்பட்டவர்களின் குடிசை நின்ற இடத்தில், அவர்கள் சாமான் ஏற்றிய மறுநாளே காயிலைச் சுழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைவிட ஈனமான காரியம் தெரியாது. அந்த மண்ணில் கிடைக்கும் ஒரு கால்மெட்டி, பெரும்பாக்கத்தில் யாரோ தேடிக்கொண்டிருக்கும் கால்மெட்டி.

கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், எலுமிச்சை எதுவும் வேண்டாம். பளபளவென்று ஆக்கினால் எழுத்து போய்விடும், அதோடு காசும் போய்விடும். நம் மண் உப்பு மண். செம்பில் உப்பு ஏறினால் வெளிர்ப் பச்சையாக மாவு மாதிரி பூக்கும், அது உள்ளே அரித்துக்கொண்டே போகும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இந்தப் பழைய காசு மோகத்தில் ஏமாறுகிறவர்களைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 கிழக்கிந்தியக் கும்பினி என்று எழுதிய காசை லட்ச ரூபாய் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒரு காசைக் கும்பினி அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று சொல்லி, எங்கள் தெருவிலேயே ஒரு ஆட்டோக்காரர் மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். பழைய நோட்டு, காசு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமில்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. முன்பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது உயிர் சம்பந்தப்பட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, பல குண்டுகள் ஊருக்குள்ளும் விழுந்தன. துறைமுகத்தைச் சுற்றியுள்ள மண்ணில் கனமான, உருளையான, முனை கூம்பிய இரும்பு எது தட்டுப்பட்டாலும் கடப்பாரை வைக்காதீர்கள். தொடாமல் விலகி, ஆட்களை விலக்கி, போலீசுக்குச் சொல்லுங்கள். மின்வாரியக் கேபிள் போகும் தெருவோரத்திலும் தோண்ட வேண்டாம்.

என் நோட்டுப் புத்தகத்தில் இதுவரை தேடிக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. வாசல் எந்தத் திசை, எந்தக் காசு எங்கே கிடந்தது, அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. பல வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அப்பார்ட்மென்ட் நிற்கிறது. அந்த நோட்டுகளை அருங்காட்சியகம் கேட்டால் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன், வீட்டுக்காரர்களிடம் சம்மதமும் நானே வாங்கித் தருகிறேன்.

எங்கள் தெருவில் வரும் தை மாதம் ஒரு வீட்டை இடிக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய காலத்துச் செங்கல் மாடித்தளம் போட்ட வீடு, தேக்கு உத்திரம், முற்றத்தில் நான்கு கல்தூண். வீட்டுக்காரர் ஒரு நாள் தேட ஒப்புக்கொண்டுவிட்டார், பில்டரும் சரி என்றுவிட்டார். அருங்காட்சியகத்திலிருந்தோ தொல்லியல் துறையிலிருந்தோ ஒருவர் அன்று வந்து நின்று, கிடைப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு ஒரு ரசீது கொடுத்தால், நான் கேட்கும் அந்த மேசையை இந்த ஒரு வீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். தேதி முடிவானதும் இரண்டு இடத்துக்கும் தபால் போடுகிறேன். உங்கள் நாளிதழும் ஒரு நிருபரை அனுப்பினால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர்
தண்டையார்பேட்டை, சென்னை - 81

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தால் ஆட்கள் வீட்டுக்குக் காசு விலை கேட்டு வருவார்கள்.)